ஒரு கொடி, பல தொட்டிகள்: மணி பிளாண்ட் தண்டிலிருந்து புதுச்செடி வளர்க்கும் முறை

இந்திய நகரங்களில், ஒரு சாண் மண் தரையும் இல்லாத வீடுகளிலும் இடம்பிடித்துக்கொண்ட செடி ஒன்று உண்டென்றால் அது மணி பிளாண்ட் ஆகும். தில்லியின் அரசுக் குடியிருப்புகளிலும், மும்பையின் ஒற்றை அறை வீடுகளிலும், கொல்கத்தாவின் பழைய வராந்தாக்களிலும், வங்கிக் கிளைகளின் கவுன்ட்டர் ஓரத்திலும் அது படர்ந்து தொங்குவதைக் காண்கிறோம். செடிகளின் பெயர் மொழிக்கு மொழி மாறும் நம் நாட்டில், இக்கொடியை மட்டும் பல மொழியினரும் இதே ஆங்கிலப் பெயராலேயே அழைக்கின்றனர்.

பெயரில் பணம் இருப்பதால், வீட்டில் இருந்தால் செல்வம் சேரும் என்பது பரவலான நம்பிக்கை. பிறர் வீட்டிலிருந்து அவர்கள் அறியாமல் ஒடித்துவந்து நட்டால்தான் செழிக்கும் என்றும் ஒரு வழக்கு உண்டு. வங்கியின் இதழில் எழுதும் நாம் அத்தகைய வழியைப் பரிந்துரைக்க இயலாது. கேட்டால் கொடுக்க மறுப்பவர் அரிது. கேட்டு வாங்கிய துண்டும் அதே வேகத்தில்தான் வளர்கிறது.

ஆயினும், வாங்கிவந்த துண்டுகள் எல்லாம் பிழைப்பதில்லை. சில வேர் விடாமலே அழுகிவிடுகின்றன. சில வாரக்கணக்கில் பச்சையாக இருந்தும் ஒரு துளிரும் விடுவதில்லை. இன்னும் சில, நீரில் நன்றாக வேர்விட்டபின் மண்ணுக்கு மாற்றியதும் வாடிவிடுகின்றன. அப்போது, "எனக்குக் கைராசி இல்லை" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். செடி வளர்ப்பில் கைராசி என்று நாம் சொல்வதற்குப் பெரும்பாலும் விளக்கக்கூடிய காரணங்கள் உண்டு. அக்காரணங்களை ஒவ்வொன்றாக அறிவதே இப்பாடத்தின் நோக்கம்.

விதையை நம்பாத கொடி

தாவரவியலார் எபிப்ரெம்னம் ஆரியம் என்று குறிப்பிடும் இக்கொடி நம் நாட்டில் தோன்றியதன்று. பசிபிக் பெருங்கடலில், பிரெஞ்சுப் பாலினீசியாவைச் சேர்ந்த மோரியா தீவு இதன் தாயகம். 1880இல் ஐரோப்பியத் தாவரவியலார் இதனைப் போத்தோஸ் என்னும் பேரினத்தில் வைத்து விவரித்தனர். பின்னர்ப் பெயர் பலமுறை மாறி, இன்றைய பெயர் 1964இல் அமைந்தது. பெயர் இவ்வளவு அலைந்ததற்கு ஒரு காரணம், இனத்தை உறுதிசெய்யப் பயன்படும் பூ எளிதில் கிடைக்காமையே. நாற்றுப்பண்ணைகளில் போத்தோஸ் என்னும் பழைய பெயர் இன்றும் வழக்கில் உள்ளது.

இக்கொடி பூப்பது மிக அரிது. 2016இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கான காரணத்தைச் சுட்டியது. செடிகள் பூப்பதற்குத் துணைபுரியும் ஜிப்பரெலின் என்னும் இயக்குநீரை உருவாக்கும் மரபணு ஒன்று இக்கொடியில் சரிவர இயங்குவதில்லை. அந்த இயக்குநீரை வெளியிலிருந்து தெளித்தபோது, ஆய்வாளர்களால் இதனைப் பூக்கச் செய்ய முடிந்தது.

பூ இல்லையேல் விதை இல்லை. எனவே நம் வீடுகளில் உள்ள மணி பிளாண்ட் கொடிகள் விதையிலிருந்து முளைத்தவை அல்ல. யாரோ ஒருவர் ஒரு தாய்க்கொடியிலிருந்து வெட்டி எடுத்த துண்டின் வழிவந்தவை. பெற்றோர் வீட்டில் வளரும் கொடியின் துண்டு நம் வீட்டில் வளருமானால், அது அந்தக் கொடியின் குழந்தை என்பதைவிட அந்தக் கொடியே என்பது பொருத்தம். வெட்டி நடும் கைகள் ஓய்ந்துவிட்டால், வீட்டுத் தொட்டியில் உள்ள இக்கொடி தன் தொட்டியோடு முடிந்துவிடும்.

கணுவை அறிதல்

தண்டை வெட்டும்முன் அதனைக் கூர்ந்து பார்க்க வேண்டும். கரும்பைப் போலவே இதன் தண்டிலும் சிறிது இடைவெளி விட்டுக் கணுக்கள் அமைந்துள்ளன. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடமே கணு. இரண்டு கணுக்களுக்கு இடைப்பட்ட வழவழப்பான பகுதி கணுவிடை.

ஒவ்வொரு கணுவிலும் மூன்று பொருள்கள் உள்ளன. முதலாவது இலை. இரண்டாவது, இலைக்காம்பும் தண்டும் சேரும் மூலையில் உறங்கிக்கிடக்கும் சிறு மொட்டு. மூன்றாவது, பழுப்பு நிறத்தில் சிறு முடிச்சுபோலத் துருத்திக்கொண்டிருக்கும் காற்று வேரின் முனை. இயற்கையில் இக்கொடி மரங்களைப் பற்றி ஏறுவது இந்தக் காற்று வேர்களால்தான். நாம் நீரிலோ மண்ணிலோ வைக்கும்போது அதே முடிச்சு நீண்டு, நீர் உறிஞ்சும் வேராகிறது. உறங்கிய மொட்டு விழித்துப் புதிய தண்டாகிறது.

ஆகவே இலையும் காம்பும் மட்டும் உள்ள துண்டு, பார்வைக்கு எவ்வளவு செழிப்பாக இருப்பினும், புதுக்கொடி ஆகாது. நீரில் பல வாரங்கள் பச்சையாக நிற்கும். ஆனால் துளிர்ப்பதற்கு வேண்டிய மொட்டு அதனிடம் இல்லை. பச்சையாக இருந்தும் துளிர்விடாத துண்டுகளின் இரகசியம் பெரும்பாலும் இதுவே. கணு இல்லாத வெறும் கணுவிடைத் துண்டின் நிலையும் அவ்வாறே.

வேர்களைத் தூண்டுவது ஆக்சின் என்னும் இயக்குநீர். 1928இல் நெதர்லாந்தைச் சேர்ந்த ஃபிரிட்ஸ் வென்ட் வெளியிட்ட ஆய்வு, நாற்றின் நுனியில் வளர்ச்சியைத் தூண்டும் பொருள் ஒன்று இருப்பதை மெய்ப்பித்தது. அதே வகைப் பொருள் வேர்விடுவதையும் தூண்டுகிறது என்பது 1930களில் தெளிவாயிற்று. தண்டின் நுனியிலும் இளம் இலைகளிலும் உருவாகும் ஆக்சின் கீழ்நோக்கிச் செல்கிறது. தண்டை வெட்டியதும், மேலும் கீழே செல்ல வழியின்றி வெட்டுவாய்க்கு அருகில் திரள்கிறது. அங்கே வேர் எழுகிறது. துண்டைத் தலைகீழாக நடக்கூடாது என்பதற்கு இதுவே அடிப்படை. மணி பிளாண்ட்டின் கணுவில் வேர்முனை முன்னரே அமைந்திருப்பதால், கடைகளில் விற்கும் வேர்விடு தூள் இதற்குத் தேவையில்லை.

வரவும் செலவும்

தாய்க்கொடியில் இருந்தவரை, இலை வழியாக ஆவியாகும் நீரை வேர் ஈடுசெய்துவந்தது. வெட்டிய நொடியில் அந்த வரவு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. வெட்டுவாய் வழியே ஏறும் சிறிதளவு நீரே மிச்சம். செலவோ நிற்பதில்லை. இலைகள் முன்போலவே நீரை ஆவியாக்குகின்றன. புது வேர் வந்து வரவு தொடங்கும்வரை, அத்துண்டு தன் தண்டிலும் இலையிலும் உள்ள சேமிப்பைக் கொண்டே வாழ வேண்டும். வருவாய் நின்ற குடும்பம் என்ன செய்யுமோ, அதையே துண்டுக்காக நாம் செய்ய வேண்டும்: செலவைக் குறைக்க வேண்டும், சேமிப்பை முழுதும் கரைத்துவிடவும் கூடாது.

இந்த ஒரு கருத்தை மனத்தில் கொண்டால், பின்வரும் விதிகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. நேர்வெயிலில் வைக்கக்கூடாது என்பது செலவைக் குறைக்க. மின்விசிறியின் கீழ் வைக்கக்கூடாது என்பதும் அதற்கே. ஒரு துண்டில் ஐந்தாறு இலைகள் வேண்டா என்பதும் அதற்கே. ஆனால் எல்லா இலைகளையும் கிள்ளிவிட்டால் உணவு ஆக்கும் வழியே அடைபட்டுப்போகும். ஆகவே ஒன்றிரண்டு இலைகளை விட்டுவைக்கிறோம். இருட்டறையும் ஆகாது என்பதற்கும் அதுவே காரணம்.

எந்தப் பருவம்?

வெதுவெதுப்பும் ஈரக்காற்றும் உள்ள காலமே வேர்விடுவதற்கு ஏற்றது. சுமார் 22 முதல் 30 பாகை செல்சியஸ் வரையுள்ள வெப்பநிலையில் பணி விரைவாக நடக்கும். நம் நாட்டின் பரப்பில் அக்காலம் ஊருக்கு ஊர் வேறுபடுகிறது.

தில்லி, லக்னோ, சண்டிகர் போன்ற வட நகரங்களில் டிசம்பர், ஜனவரி மாதக் குளிரில் கொடி ஏறக்குறைய உறங்கிவிடும். அப்போது வைக்கும் துண்டு வேர்விடுவதற்குள் அழுகிவிட வாய்ப்பு அதிகம். மே, ஜூன் மாதங்களில் வீசும் "லூ" என்னும் உலர்ந்த அனற்காற்று, துண்டின் நீர்ச்செலவைப் பன்மடங்கு பெருக்கும். எனவே அங்கு பிப்ரவரி இறுதி முதல் ஏப்ரல் முற்பகுதி வரையும், மழை தொடங்கிய ஜூலை முதல் செப்டம்பர் வரையும் உகந்தவை. மும்பை, கொச்சி, கொல்கத்தா ஆகிய ஈரப்பதம் மிகுந்த நகரங்களில் ஆண்டின் பெரும்பகுதி ஏற்றதே. கடுமழை நாள்களில் மட்டும் பூஞ்சை அழுகலுக்கு எதிராகக் காற்றோட்டம் தேவை. பெங்களூரு, புணே போன்ற மேட்டுநில நகரங்களிலும் குளிர்மாதங்களைத் தவிர்த்து எப்போதும் வைக்கலாம்.

வெட்டும் முறை

நோயற்ற, நன்கு வளரும் கொடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல்நாள் தாய்ச்செடிக்கு நீர் ஊற்றிவைத்தால், வெட்டும் துண்டு நிறைந்த சேமிப்போடு புறப்படும். மிக இளசான நுனியும் மரத்துப்போன அடித்தண்டும் தவிர்த்து, இடைப்பட்ட பகுதியை எடுப்பது நன்று.

கூரிய கத்தரிக்கோலையோ பிளேடையோ ஸ்பிரிட்டால் துடைத்துக்கொள்ள வேண்டும். மழுங்கிய கத்தி தண்டை நசுக்கும். நசுங்கிய இடத்தில் அழுகல் தொடங்கும். கையால் ஒடிப்பதும் இதே காரணத்தால் நல்லதன்று.

இரண்டு அல்லது மூன்று கணுக்கள் உள்ள, ஏறத்தாழ 10 முதல் 15 சென்டிமீட்டர் நீளத் துண்டு தொடக்கநிலையினருக்கு ஏற்றது. அடிக்கணுவுக்குக் கீழே ஒன்றிரண்டு சென்டிமீட்டர் விட்டு வெட்ட வேண்டும். கணுவின்மீதே கத்தி படக்கூடாது. அடிக்கணுவில் உள்ள இலையை நீக்கிவிட வேண்டும். இல்லையேல் அது நீரில் மூழ்கி அழுகும். மேலே ஒன்றிரண்டு இலைகள் இருந்தால் போதும்.

நீண்ட கொடி ஒன்று கையில் இருந்தால், அதனைக் கணுவுக்கு ஒரு துண்டாக நறுக்கியும் வளர்க்கலாம். நாற்றுப்பண்ணைகளில் பின்பற்றப்படும் முறை இது. ஒரு கணு, ஓர் இலை, மேலும் கீழும் சிறிது தண்டு என்பதே ஒரு முழுச்செடிக்கான முதல். ஆனால் சேமிப்பு குறைவாதலால், இத்துண்டுகளுக்கு ஈரமும் நிழலும் கூடுதலாகத் தேவைப்படும்.

பொன்வரிகளோ வெண்வரிகளோ உள்ள வகையில், பச்சையும் வரியும் கலந்த இலைகள் உள்ள பகுதியை வெட்டுவது நல்லது. இலையின் வெண்பகுதியில் பச்சையம் இல்லையாதலால் அது உணவு ஆக்காது; பெரும்பாலும் வெண்மையான இலையைக் கொண்ட துண்டு மெல்லவே வளரும்.

நீரில் வேர்விடுதல்

நம் வீடுகளில் பெரிதும் வழக்கத்தில் உள்ளது இம்முறையே. வாய் குறுகிய கண்ணாடிப் புட்டி ஒன்றைக் கழுவி, அறை வெப்பநிலையில் உள்ள குழாய்நீரை நிரப்ப வேண்டும். குளோரின் வாடை மிகுந்த நீராயின், ஓரிரவு திறந்துவைத்துப் பயன்படுத்தலாம். குறைந்தது ஒரு கணு நீரில் மூழ்கியிருக்க வேண்டும். இலை எதுவும் மூழ்கக்கூடாது. நிறமுள்ள புட்டியாயின் பாசி குறைவாகப் படியும்.

வெளிச்சம் உள்ள, ஆனால் வெயில் நேராகப் படாத சன்னலோரம் இதற்கு ஏற்ற இடம். வெயில் பட்டால் புட்டிநீர் சூடேறி, அதில் கரைந்துள்ள உயிர்வளி குறையும். வேரும் மூச்சுவிட வேண்டிய உறுப்பே என்பதை மறக்கலாகாது. வாரம் இருமுறை நீரை முழுதும் மாற்றுவது உயிர்வளியைப் புதுப்பிக்கவும் அழுகலைத் தடுக்கவும் உதவும்.

வெதுவெதுப்பான பருவத்தில் பத்துப் பதினைந்து நாள்களில் கணுவிலிருந்து வெண்வேர் எட்டிப்பார்க்கும். மூன்று நான்கு வாரங்களில் அது மண்ணுக்கு மாற்றும் அளவை எட்டிவிடும். அதுவரை அடிக்கடி வெளியே எடுத்துப் பார்ப்பதைத் தவிர்க்க வேண்டும்.

நேரடியாக மண்ணில் நடுதல்

நீரில் தோன்றும் வேருக்கும் மண்ணில் தோன்றும் வேருக்கும் வேறுபாடு உண்டு. எளிதில் கிடைக்கும் நீரில் பிறந்த வேர் மென்மையானது. மண்துகள்களுக்கு இடையே நீரைத் தேடும் நுண்தூவிகள் அதில் குறைவு. எனவே, தொட்டியில்தான் வளர்க்கப்போகிறோம் என்று முடிவுசெய்துவிட்டால், தொடக்கத்திலேயே மண்ணில் நடுவது சிறந்தது.

தேங்காய் நார்த்தூளும் ஆற்றுமணலும் சமபங்கு கலந்த கலவை வேர்விடுவதற்குப் போதும். நார்த்தூளை நீரில் ஊறவைத்து ஓரிருமுறை அலசிப் பிழிந்துவிட்டால் அதிலுள்ள உப்பு நீங்கும். உரம் இப்போது வேண்டா. வேர் இல்லாத துண்டால் உரத்தைப் பயன்படுத்த இயலாது.

அடியில் துளை உள்ள சிறு தொட்டியில் கலவையை நிரப்பி, விரலால் குழி செய்து, ஒரு கணு மண்ணுக்குள் புதையுமாறு துண்டை வைத்து அழுத்த வேண்டும். கலவை ஈரமாக இருக்க வேண்டும், நீர் தேங்கக்கூடாது. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டும் விழும் ஈரமே சரியான ஈரம். காற்று உலர்ந்த ஊர்களில், ஒளிபுகும் நெகிழிப் பையைத் தொட்டியின்மேல் கூடாரம்போல் கவிழ்த்து, நாள்தோறும் சிறிதுநேரம் திறந்துவிடலாம். மூன்று நான்கு வாரங்களுக்குப் பின் துண்டை மெல்ல இழுத்துப் பார்த்தால், வேர் பிடித்திருப்பின் அது எதிர்த்து நிற்கும்.

நீரிலிருந்து மண்ணுக்கு

நீரில் வேர்விட்ட துண்டுகள் பல மண்ணில் மடிவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, வேர் மிக நீளமாக வளரும்வரை காத்திருப்பது. மற்றது, மாற்றியபின் மண்ணைக் காயவிடுவது. வேர் 3 முதல் 5 சென்டிமீட்டர் நீளம் எட்டியதும் மாற்றிவிட வேண்டும். அடிவரை சுருண்டு வளர்ந்த வேர்கள் நடும்போது முறிந்துவிடும்.

தோட்டமண், நார்த்தூள், மண்புழு உரம் மூன்றும் சமபங்கு கலந்த கலவை ஏற்றது. முதல் இரண்டு வாரங்கள் மண் ஈரமாகவே இருக்கட்டும். நீர்வேர்கள் மண்வேர்களாக மாறும் காலம் அது. பிறகு, மேல்மண் ஒரு விரற்கடை ஆழம் காய்ந்தபின் நீர் ஊற்றும் வழக்கத்துக்கு மாறலாம். ஓரிரு இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தால் அஞ்ச வேண்டா. தண்டு உறுதியாக இருக்கும்வரை செடி உயிரோடுதான் உள்ளது.

ஒரு தொட்டிக்கு ஒரு துண்டு வைத்தால் ஒற்றை வால் போலவே தொங்கும். ஐந்தாறு துண்டுகளை ஒரே தொட்டியில் நட்டால் தொடக்கத்திலேயே நிறைவான தோற்றம் கிடைக்கும்.

தாய்க்கொடிக்கு என்ன ஆகும்?

வெட்டினால் செடிக்கு நோகும் என்று தயங்குவோர் உண்டு. வெட்டாத கொடியில் நுனியே வளர்ச்சி முழுவதையும் தன்வயப்படுத்திக்கொள்கிறது. நுனியிலிருந்து இறங்கும் ஆக்சின் கீழ்க்கணுக்களின் மொட்டுகளை உறங்கவைக்கிறது. அதனால் அடிப்பகுதி மொட்டையாகி, நுனி மட்டும் நீண்டுகொண்டே போகும். நுனியை வெட்டியதும் அத்தடை நீங்கி, வெட்டுவாய்க்குக் கீழுள்ள கணுவிலிருந்து புதுக்கிளை எழும். அளவாக வெட்டுவது தாய்க்கொடிக்கும் நன்மையே. ஒரே நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதிருப்பது நல்ல அளவு.

ஒரு சிறு சோதனை

வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் இருப்பின், இப்பாடத்தை அவர்களே மெய்ப்பித்துப் பார்க்கலாம். ஒரே அளவுள்ள நான்கு புட்டிகளை நிழலான சன்னலோரம் வரிசையாக வைத்து எண்ணிட வேண்டும்.

முதற்புட்டியில் இரண்டு கணுவும் இரண்டு இலையும் உள்ள துண்டு. ஒரு கணு நீருக்குள். இரண்டாவதில் கணு இல்லாத இலையும் காம்பும். மூன்றாவதில் இலை நீக்கிய கணு. நான்காவதில் முதலாவதைப் போன்ற துண்டே, ஆனால் கணுக்கள் இரண்டும் நீருக்கு மேலே இருக்க, அடித்தண்டு மட்டும் நீரில்.

ஆறு வாரங்கள் நாள்குறிப்பு எழுதிவரட்டும். முதலாவது வேரும் துளிரும் விடும். இரண்டாவது பச்சையாக நிற்கும், துளிர் வராது. மூன்றாவது தண்டின் சேமிப்பைக்கொண்டு மிக மெதுவாக முயலும். நான்காவது வேர்விடத் தாமதிக்கும். கணுவின் இன்றியமையாமையை நம் சொல்லைவிட இந்த நான்கு புட்டிகள் தெளிவாகக் கற்பிக்கும்.

ஊர் மாறும்போது

பணிமாற்றம் பெற்று ஊர்விட்டு ஊர் செல்லும் குடும்பங்கள் மண்தொட்டிகளைச் சுமந்து செல்ல முடிவதில்லை. வயதான பெற்றோரின் வீட்டைக் காலிசெய்ய நேரும்போதும் பாத்திரம், படம், நூல்களைக் கட்டும் அவசரத்தில் பால்கனிக் கொடி பின்தங்கிவிடுகிறது. முன்னர்க் கூறியதுபோல விதையில்லாத இக்கொடிக்கு வேறு வாரிசு இல்லை. ஐந்து துண்டுகள் போதும். அக்கொடி நம்மோடு வந்துவிடும்.

மூன்று கணுவுள்ள துண்டுகளை வெட்டி, அடிப்பகுதியை ஈரப்பருத்தித் துணியாலோ ஈரத்தாளாலோ சுற்றி, அதன்மேல் நெகிழித்தாள் கட்ட வேண்டும். இலைகள் நசுங்காதவாறு, காற்றுத்துளை இட்ட பையிலோ அட்டைப்பெட்டியிலோ வைக்கலாம். இரண்டு நாள் இரயில் பயணத்தைத் துண்டுகள் தாங்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டும் விட்டுவிடக் கூடாது. ஊர் சேர்ந்ததும் வெட்டுவாயைப் புதிதாகச் சிறிது நறுக்கி நீரில் வைக்க வேண்டும். புறப்படுமுன் ஒன்றிரண்டு துண்டுகளை அண்டைவீட்டாரிடமும் கொடுத்துச் செல்வது அறிவுடைமை. நம்முடையது பட்டுப்போனாலும் கேட்டுவாங்க ஓரிடம் இருக்கும்.

மூன்று எச்சரிக்கைகள்

முதலாவது, குழந்தைகள். மணி பிளாண்ட், சேப்பங்கிழங்கும் சேனைக்கிழங்கும் சேர்ந்த தாவரக் குடும்பத்தைச் சார்ந்தது. பதமாக வேகாத சேப்பங்கிழங்கு நாவை அரிப்பதற்குக் காரணமான கால்சியம் ஆக்சலேட் ஊசிப்படிகங்கள் இதன் இலையிலும் தண்டிலும் உள்ளன. மென்றால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும். நாய், பூனைகளுக்கும் இது ஆகாது. குழந்தை மென்றுவிட்டால் வாயை நீரால் நன்கு துடைத்துக் கழுவி, வீக்கமோ மூச்சுத்திணறலோ தென்பட்டால் உடனே மருத்துவரை நாட வேண்டும். தொங்கும் நுனிகள் தவழும் பிள்ளையின் கைக்கு எட்டாதிருக்கட்டும். வெட்டியபின் நாமும் கைகளைக் கழுவிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, கொசு. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நன்னீரிலேயே முட்டையிடுகிறது. ஒரு சிறு புட்டி நீரும் அதற்குப் போதும். முட்டை கொசுவாகச் சுமார் ஒரு வாரம் முதல் பத்து நாள்கள் ஆகும். வாரம் இருமுறை நீர் மாற்றுவது செடியின் நலனுக்காக மட்டுமன்று. முட்டைகள் புட்டியின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, நீர் வற்றியபின்னும் பல மாதங்கள் உயிர்ப்போடு இருக்க வல்லவை. ஆதலால் நீரைக் கொட்டுவதோடு நிறுத்தாமல் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். தண்டைச் சுற்றிப் புட்டியின் வாயைப் பஞ்சால் அடைத்துவிட்டால் பாதுகாப்பு முழுமையாகும். மழைக்காலம் முடியும்வரை வீட்டைப் பூட்டிவிட்டு நெடுநாள் வெளியூர் செல்வோர், நீர்ப்புட்டிகளை அப்படியே விட்டுச்செல்லலாகாது.

மூன்றாவது, வெளிநிலம். வீட்டுக்குள் உள்ளங்கை அளவாக உள்ள இலை, மரம்பற்றி ஏறும் இடத்தில் ஒரு மீட்டர் நீளம்வரை வளரக்கூடும். வெப்பமண்டல நாடுகள் சிலவற்றில் தோட்டத்திலிருந்து தப்பிய இக்கொடி காட்டுத்தரையைப் போர்வைபோல் மூடி, உள்நாட்டுச் செடிகளை நெருக்குகிறது. எனவே கழித்த தண்டுகளை ஓடைக்கரையிலோ மரத்தடியிலோ எறியாமல், நன்கு உலர்த்தியபின் குப்பையில் சேர்க்க வேண்டும். ஒரு கணு கிடந்தாலும் அது மீண்டும் ஒரு கொடியாகும் என்பதே இப்பாடம் முழுதும் நாம் கண்ட செய்தி.

தொடங்குவோருக்கு

கூரிய கத்தி, ஒரு புட்டி, நிழலான சன்னல், நான்கு வாரப் பொறுமை ஆகிய இவையே இம்முயற்சிக்கான முதலீடு. முதன்முறையிலேயே ஒரே துண்டை நம்பியிராமல் ஐந்து துண்டுகள் வைப்போம். இரண்டை நீரிலும் மூன்றை மண்ணிலும் வைத்தால், நம் வீட்டு ஒளிக்கும் காற்றுக்கும் எது பொருந்துகிறது என்பதும் தெரிந்துவிடும். வேர்விட்டவற்றுள் ஒன்றை நமக்கென வைத்துக்கொண்டு, மற்றவற்றைச் சிறு தொட்டிகளில் நட்டு, கேட்போருக்குக் கொடுப்போம். கொடுக்கும்போது கணுவைத் தொட்டுக்காட்டி, அது மூழ்கியிருக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தால், அவர்கள் வீட்டிலும் அது பிழைக்கும்.